மூன்று மானிட்டரில் கேம் ஆட எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு? 8 ஜிபி மெமரி போதுமா?

கேள்வி: 10.1.2024, இரவு 9.15

அண்ணே, கோலாலம்பூர் செந்தூலிலிருந்து கேட்கிறேன். பிராசஸர் ரைசன் 5 5600, பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 550 வாட் பவர் சப்ளை, கிராஃபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். இப்போதைக்கு 24 அங்குல 1080பி மானிட்டர் ஒன்றுதான். இன்னும் இரண்டு வாங்கி மூன்றையும் வரிசையாக வைத்து கார் ரேஸும் லாரி கேமும் ஆட ஆசை. இன்னொரு 1660 சூப்பரைப் பழசில் வாங்கி, இரண்டையும் சேர்த்துப் போட்டால் போதும் என்கிறான் கூட்டாளி. கடையில் கேட்டால் 8 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 4060 எடு, மூன்று மானிட்டர் தாராளமாக ஓடும் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: 10.1.2024, இரவு 11.50

கூட்டாளி சொல்வதை விட்டுவிடு. 1660 சூப்பரில் இரண்டு கார்டைச் சேர்க்கும் வசதியே கிடையாது. இந்தக் கார்டுகளைச் செய்யும் என்விடியாவின் 30 வரிசையில் 3090-க்கும் 3090 டிஐ-க்கும் மட்டும் அந்த இணைப்பு இருந்தது, 40 வரிசையில் ஒன்றுக்கும் இல்லை. 2021 தொடக்கத்திலிருந்து டிரைவரில் புதிய கேம்களுக்கு எஸ்எல்ஐ (இரண்டு கார்டைச் சேர்த்து ஓட்டும்) ஏற்பாடு சேர்ப்பதையும் என்விடியா நிறுத்திவிட்டது. சேர்க்க முடிந்த காலத்திலும் மெமரி கூடியதில்லை. ஆறு ஜிபியும் ஆறு ஜிபியும் கேமுக்கு ஆறுதான்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் ‘ஓடும்’ என்று அவர் சொல்வது வேறு, நீ கேட்பது வேறு. மூன்று திரையிலும் விண்டோஸ் தெரிவதற்கு உன் பழைய கார்டே போதும். ஒரே கேம் மூன்று திரையிலும் விரிவதுதான் சங்கதி. காலை ஷிப்ட் இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

11.1.2024, மாலை 4.30

முதலில் பிக்சலை எண்ணு. 1080பி மானிட்டர் ஒன்றில் 1920 பெருக்கல் 1080, அதாவது ஏறக்குறைய 20.7 லட்சம். மூன்றுக்கு 62 லட்சம். ஒரு 4கே திரையில் 83 லட்சம். ஆக மூன்று 1080பி என்பது 4கே-யில் முக்கால் பங்கு. உன் கார்டு இப்போது நொடிக்கு 90 ஃபிரேம் (படம்) தருகிறது என்றால் மூன்றில் சுமார் 30 என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கு இவ்வளவு நேராக வராது, ஆனால் கார்டு எடுக்கப் போகும்போது மனத்தில் இருக்க வேண்டிய அளவு இதுதான். விமர்சனங்களைப் படித்தால் 1080பி வரிசையைப் பார்க்காதே. 1440பி-க்கும் 4கே-க்கும் போட்டிருக்கும் எண்களுக்கு நடுவில் நீ நிற்பாய்.

மூன்று 1440பி வாங்கும் எண்ணம் இருந்தால் கனவைக் கொஞ்சம் மடித்து வை. 1 கோடியே 10 லட்சம் பிக்சல், 4கே-யையும் தாண்டிவிடும்.

11.1.2024, மாலை 5.05

8 ஜிபி விஷயத்தை விட்டுவிட்டேன். போதாது. மூன்று திரைக்கு மூன்று மடங்கு மெமரி வேண்டும். 12-க்குக் கீழே போகாதே.

13.1.2024, பகல் 1.20

மேலே எழுதியதில் பாதி தப்பு. இன்னொரு வாசகர் பிடித்துவிட்டார், நியாயமாகத்தான் பிடித்தார். உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 5760 பெருக்கல் 1080, பிக்சலுக்கு 4 பைட். ஒரு முழுப் படத்துக்கு 25 எம்பி, அவ்வளவுதான். கேம் வரையும்போது வெளிச்சத்துக்கு, ஆழத்துக்கு, நிழலுக்கு என்று இப்படிப் பல அடுக்கு வைத்துக்கொள்ளும், எல்லாம் சேர்ந்தால் சில நூறு எம்பி ஏறும். மெமரியைத் தின்பது சாலையும் மரமும் லாரியின் பெயிண்ட்டுமான டெக்ஸ்சர்கள், அதாவது பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள். மூன்று திரை வைத்தாலும் அந்த மரத்தின் பட்டை மெமரியில் ஒரு முறைதான் ஏறும். மூன்று மடங்கு என்றது வாய்க்கு வந்தது.

ஆனாலும் 12-ஐ விடமாட்டேன். பக்கத்துத் திரைகளில் கூடுதலாகக் காட்சி தெரிவதால் கேம் அதிகமான பொருள்களை ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கும். 8 ஜிபி விளிம்பில் நிற்கும் கேம் அங்கேதான் வழியும். வழிந்தால் போர்டின் வழியாக ரேமுக்குப் போய் வர வேண்டும். 4060-க்கு அந்தப் பாதையில் 8 தடம்தான். உன் பி450 போர்டில் அதுவும் பழைய மூன்றாம் தலைமுறை வேகத்தில் ஓடும், பாதி வேகம். கார்டு நல்ல கார்டுதான், வெறும் 115 வாட், உன் பவர் சப்ளைக்கு ஒரு குறையும் வராது. உன் போர்டுக்கும் மூன்று திரைக்கும்தான் பொருந்தவில்லை.

14.1.2024, இரவு 10.00

நாளை பொங்கல். வீட்டில் கரும்பை வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

அடுத்தது போர்ட், மானிட்டர் கேபிள் மாட்டும் துளை. கார்டின் பின்பக்கத்தைப் பார்க்காமல் வாங்காதே. இப்போது வரும் கார்டுகளில் பெரும்பாலும் மூன்று டிஸ்ப்ளேபோர்ட், ஒரு எச்டிஎம்ஐ. ஏஎம்டி கம்பெனியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி சிலதில் மொத்தமே இரண்டு, மூன்றாவது மானிட்டருக்கு அங்கே இடமில்லை. ஐந்து துளை இருக்கும் என்விடியா ஜிஃபோர்ஸ் கார்டிலும் ஒரே நேரத்தில் நாலுதான் எரியும்.

கேபிளுக்கும் திசை உண்டு. டிஸ்ப்ளேபோர்ட் முனை கார்டில், எச்டிஎம்ஐ முனை மானிட்டரில் என்றால் சாதாரண கேபிள் வேலை செய்யும். அதையே திருப்பிப் போட்டால் செத்த பாம்பு.

பழைய காலம் நினைவுக்கு வருகிறது. ஒரே கார்டில் மூன்று திரை என்பதை 2009-இல் ரேடியான் எச்டி 5000 வரிசையோடு ஏஎம்டி ஐஃபினிட்டி என்று கொண்டுவந்தது. என்விடியா பக்கம் 2012-இல் ஜிடிஎக்ஸ் 680 வரும்வரை மூன்று திரையில் கேம் ஆடப் பெரும்பாலும் இரண்டு கார்டு தேவைப்பட்டது. உன் கூட்டாளியின் யோசனை அந்தக் காலத்து மிச்சமாக இருக்கலாம். அந்த ரேடியானிலும் மூன்றாவது திரை டிஸ்ப்ளேபோர்ட் வழியாகத்தான் வர வேண்டும், மலிவு அடாப்டர் போட்டால் வராது. இது தெரியாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது மானிட்டரைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, கடைசியில் மானிட்டர் பழுது என்று முடிவு கட்டியவன் நான்.

19.1.2024, இரவு 11.30

“பழைய கார்டு வாங்கலாமா” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வாங்கலாம். எதேரியம் என்ற கிரிப்டோ காசு 2022 செப்டம்பரில் முறையை மாற்றிக்கொண்ட பிறகு கார்டு வைத்துக் காசு தோண்டுவது நின்றது, நல்ல கார்டுகள் பழசில் வரத் தொடங்கின. என்னுடைய ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி அப்படி வந்ததுதான். 12 ஜிபி. என்விடியாவின் 3060-ஐவிடத் தெளிவாகவே வேகம். 

வாங்கிய கதையைக் கேள். ஆள் பெட்ரோல் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். மோட்டாரில் போனேன். கார்டை டவலில் சுற்றி மடியில் வைத்திருந்தார். ஃபேனைச் சுழற்றிப் பார்த்தேன், திருகாணிகளைப் பார்த்தேன், மூக்கருகில் கொண்டுபோய்க் கருகல் வாசனையும் பார்த்தேன், கைதேர்ந்தவன் மாதிரி. அவர் போனில் கேம் ஓடும் வீடியோ காட்டினார். காசைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து போட்டால் அருமையாக ஓடியது. அப்போது என்னிடம் இருந்தது ஒரே மானிட்டர்.

நாலு மாதம் கழித்து மூன்று மானிட்டர் மாட்டியபோதுதான் நடு டிஸ்ப்ளேபோர்ட் செத்திருப்பது தெரிந்தது. கேபிளை மாற்றினேன், டிரைவரைத் துடைத்துப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பின் லேசாகச் சாய்ந்து, ஓரத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. அந்த ஆளின் போன் எண்ணும் இப்போது செத்துவிட்டது.

ஆகவே பழசு வாங்குகிறவன் ஒரே மானிட்டரை வைத்துக்கொண்டே எல்லாப் போர்ட்டிலும் கேபிளை மாற்றி மாற்றிக் குத்திப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. விற்பவர் வீட்டிலேயே பார்க்க விடாவிட்டால் திரும்பி வந்துவிடு.

உனக்கு ஒரு தடை உண்டு. 6700 எக்ஸ்டி 230 வாட். ஏஎம்டி சொல்வது 650 வாட் பவர் சப்ளை. உன் 550 தாங்கினாலும் நான் துணிய மாட்டேன். பவர் சப்ளையை மாற்றும் காசையும் சேர்த்துக் கணக்குப் போடு. மாற்ற மனமில்லை என்றால் 3060 12 ஜிபி, 170 வாட். வேகம் குறைவுதான், ஆனால் 16 தடப் பாதை, உன் பழைய போர்டில் மூச்சுத் திணறாது. வாங்கும்போது 12 ஜிபி என்று பெட்டியில் பார்த்து வாங்கு, 8 ஜிபி-யிலும் ஒன்று வருகிறது, அது சுத்தமாக வேறு கார்டு.

22.1.2024

ஏஎம்டியா என்விடியாவா என்ற சண்டையை இங்கே கொண்டுவராதீர்கள் என்று சொல்லியும் கொண்டுவந்துவிட்டார்கள். பினாங்குக்காரன் நான், ஊர்ப்பாசம் என்று பார்த்தால் ஏஎம்டியும் இன்டெலும் இங்கே வந்தது 1972-இல். என் அத்தை அந்தக் காலத்தில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்புக்குள் குனிந்து, முடியைவிட மெல்லிய கம்பியை சில்லோடு ஒட்டியவர். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், சண்டை இன்னும் பெரிசாகும். பழைய இன்டெல் சிப்பின் தலையில் ‘மலாய்’ என்று பொறித்திருப்பதைத் தடவிப் பார்த்துச் சிரிப்பார். கிராஃபிக்ஸ் கார்டின் சில்லு தைவானிலோ கொரியாவிலோ செய்வது, அதில் நம் பாசத்துக்கு இடமில்லை.

மூன்று திரைக்கு இரண்டிலும் வசதி உண்டு. என்விடியாவில் பெயர் சரவுண்ட், ஏஎம்டியில் ஐஃபினிட்டி. விளிம்புத் திருத்தம் சரவுண்டில் நன்றாக இருக்கிறது. மானிட்டர் சட்டத்துக்குப் பின்னால் மறைந்த பிக்சல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளும், அதனால் லாரியின் கண்ணாடித் தூண் சட்டத்தில் உடையாமல் நேராகப் போகும்.

25.1.2024, பின்னிரவு 2.10

தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோவிலிலிருந்து நடந்தே வந்தேன், கால் போய்விட்டது. தூக்கம் வராமல் பார்த்தால் ஆர்எக்ஸ் 7600 எக்ஸ்டி நேற்று வெளியாகிவிட்டது. 16 ஜிபி. பெரிய எண்ணைப் பார்த்து ஓடாதே. அதுவும் 8 தடப் பாதை, சில்லு 7600-இன் அதே சில்லு. சின்னக் கடைக்குப் பெரிய கிடங்கு.

28.1.2024, மாலை 6.00

பக்கத்துத் திரைகளில் கேம் வேண்டாம், வாட்ஸ்அப்பும் யூடியூபும் போதும் என்பவர்களுக்கு: அந்த இரண்டையும் மதர்போர்டின் எச்டிஎம்ஐ-யில் மாட்டுங்கள். பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் அவற்றைப் பார்த்துக்கொள்ளும், கார்டு கேமை மட்டும் பார்க்கும். தம்பி, நீயும் முதலில் இப்படி ஓட்டிப் பார்.

28.1.2024, மாலை 6.25

மன்னிக்கவும். அவனிடம் இருப்பது 5600. அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது, போர்டில் எச்டிஎம்ஐ இருந்தாலும் வெறும் துளை. கேள்வியை மறுபடி படித்தேன். இன்டெலில் எஃப் என்று முடிபவற்றுக்கும் இதே கதி.

3.2.2024, இரவு 9.40

இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் அறையில் ஏர்கோன் இல்லை. ஜெலுத்தோங், ஒன்பதாவது மாடி, மேற்கு வெயில். ஒரு வாரமாக கேம் ஆடாமலே மேசைக்கு அடியில் கால் சுடுகிறது. பிளக்கில் மீட்டரைப் போட்டுப் பார்த்தேன். ஒரே மானிட்டர் மாட்டி, சும்மா டெஸ்க்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு அளவு. மூன்றையும் மாட்டினால், மானிட்டர்களின் மின்சாரத்தைக் கணக்கில் சேர்க்காமலே, அதைவிட 25 வாட் அதிகம். கார்டின் மெமரி வேகத்தைப் பார்த்தால் கேம் ஆடும்போது இருக்கும் உச்சியிலேயே நிற்கிறது. இறங்கவே இல்லை.

காரணம் கார்டு இல்லை. என் மூன்று மானிட்டரில் இரண்டு ஒரே மாதிரி, 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 தடவை படம் மாறும். மூன்றாவது பழசு. அதுவும் 144 என்று பெட்டியில் போட்டிருந்ததுதான். ஆனால் அந்த 144 டிவிஐ என்ற பழைய வகைத் துளை வழியாக மட்டும், அதுவும் இரட்டை இணைப்பு டிவிஐ. என் கார்டில் டிவிஐ ஏது? டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து டிவிஐ-க்கு மலிவு அடாப்டர் போட்டிருந்தேன், அதில் ஒற்றை இணைப்புதான் வரும், 1080பி-யில் 60 ஹெர்ட்ஸ். இப்போது 144, 144, 60.

மெமரியின் வேகத்தை மாற்றுவதென்றால், திரை ஒரு படத்தை வரைந்து முடித்து அடுத்ததைத் தொடங்கும் முன் இருக்கும் சின்ன இடைவெளியில் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் படம் மின்னும். எங்கள் தொழிற்சாலையில் மூன்று பெல்ட்டும் ஒரே நேரத்தில் நின்றால்தான் தரையைக் கூட்ட முடியும் என்பது போல. இரண்டு பெல்ட் ஒரு தாளத்தில், மூன்றாவது வேறு தாளத்தில் ஓடினால் துடைப்பத்தைப் பிடித்தபடி நிற்க வேண்டியதுதான். கார்டும் நிற்கிறது, மெமரியை உச்சியில் வைத்துக்கொண்டு. இது ஏஎம்டிக்கு மட்டும் உரியது என்று யாரும் துள்ள வேண்டாம், ஜிஃபோர்ஸிலும் நடக்கும்.

காசுக் கணக்கு: 25 வாட், நாளுக்கு 10 மணி நேரம், மாதம் ஏழரை யூனிட். யூனிட்டுக்கு 51.6 சென் என்று வைத்தால் நாலு வெள்ளி (ரிங்கிட்) கூட இல்லை, மாமாக் கடையில் ஒரு தே தாரிக், ஒரு ரொட்டி சானாய். வலிப்பது காசு இல்லை, சூடு.

4.2.2024

மேலே சொல்லாமல் விட்டது. கேமிலும் அதே மானிட்டர்தான் எனக்குக் குழி பறித்திருக்கிறது. ஐஃபினிட்டியில் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால் பொதுவாக இருக்கும் வேகத்துக்கு எல்லாம் இறங்கும். இத்தனை மாதமாக இரண்டு 144 மானிட்டரை 60-இல் ஓட்டிக்கொண்டு, “6700 எக்ஸ்டி-க்கு வயசாகிவிட்டது, 4070 சூப்பர் வந்திருக்கிறதே” என்று லோ யாட் கணினிக் கடைகளின் விலைப்பட்டியலைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்டு 100-க்கு மேல் தரத் தயாராக இருந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை.

தம்பி, நான் முதல் நாள் உனக்கு பிக்சலை எண்ணு என்றேன். அதற்கு முன்னால் எழுதியிருக்க வேண்டியது: உன்னிடம் இருக்கும் மானிட்டரின் மாடல் எண்ணைச் சொல். அதே மாடல் இன்னும் இரண்டு கிடைக்கிறதா என்று பார். கிடைக்காவிட்டால் அதே அளவு, அதே ஹெர்ட்ஸ், டிஸ்ப்ளேபோர்ட் இருக்கிற மூன்றாகவே எடு, பழசை விற்றுவிடு. கார்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.

11.2.2024, பகல் 3.00

சீனப் புத்தாண்டு, கடையெல்லாம் மூடிக் கிடக்கிறது. தவுக்கே (முதலாளி) வீட்டில் ஆரஞ்சு தின்றுவிட்டு வந்து திரைகளின் கோணத்தைச் சரி செய்தேன்.

24 அங்குலத் திரையின் அகலம் 53 சென்டிமீட்டர். கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டரில் வைத்தால் ஒரு திரை சுமார் 41 பாகை பிடிக்கும். பக்கத் திரைகளையும் அதே அளவு உள்நோக்கி மடக்கினால் மூன்றும் சேர்ந்து 124 பாகைக்குக் கிட்டே. ரேஸில் பக்கத்தில் வருகிற கார் கண்ணோரத்தில் தெரிவதற்கு இதுதான் காரணம், ஒரு தடவை பழகினால் ஒற்றைத் திரை குதிரைக்குக் கண்பட்டை போட்ட மாதிரி இருக்கும்.

ஆனால் கேம் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். புரியாத கேம் மூன்று திரையையும் ஒரே நீளப் பலகை என்று நினைத்து வரையும், ஓரத்தில் இருப்பது நடுவில் இருப்பதைப் போல நாலு மடங்குக்கு மேல் இழுபடும். லாரி சக்கரம் தோசை மாதிரி தெரியும். கார் ரேஸ் கேம்களில் அசெட்டோ கோர்ஸாவும் ஐரேஸிங்கும் ஒவ்வொரு திரைக்கும் தனிக் கோணத்தில் வரையும். லாரி கேமான யூரோ டிரக் சிமுலேட்டர் 2-இலும் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் அதற்கு வரி உண்டு. நீ ஆடப்போவது இவைதான் என்றால் கவலை இல்லை. சுடுகிற கேமுக்காக மூன்று திரை வாங்காதே, என் பேச்சைக் கேள்.

இப்படித் தனித்தனியாக வரைந்தால் காட்சியை மூன்று முறை தயார் செய்ய வேண்டும், அந்தச் சுமையில் பெரும்பங்கு பிராசஸர் தலையில். அங்கே ஃபிரேம் குறைந்தால் கார்டைத் திட்டாதே.

18.2.2024

“49 அங்குல அகலத் திரை ஒன்று போதாதா?” போதும். 5120 பெருக்கல் 1440, 74 லட்சம் பிக்சல், ஒரே கேபிள், மேலே எழுதிய பாதித் தலைவலி கிடையாது. விலையைப் பார், மேசையின் பலத்தையும் பார்.

2.3.2024, இரவு 10.15

தம்பி எழுதியிருந்தான். அவனுடைய மானிட்டரே இன்னும் இரண்டு கிடைத்துவிட்டதாம், மூன்றும் டிஸ்ப்ளேபோர்ட்டில். கார்டு 3060 12 ஜிபி, பவர் சப்ளையை மாற்றவில்லை. லாரி கேமில் 70-க்கு மேல் வருகிறதாம், நிழலை ஒரு படி குறைத்து. 6700 எக்ஸ்டி எடுத்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் ஒரு மனசு சொல்கிறது. அவன் நாலு போர்ட்டையும் குத்திப் பார்த்துத்தான் வாங்கினானாம், அது போதும்.

என் பக்கம்: பழைய மானிட்டரைக் கழற்றிவிட்டு மற்ற இரண்டின் ஜோடியாக ஒன்று வாங்கினேன். ஒன்று எச்டிஎம்ஐ-யில், இரண்டு டிஸ்ப்ளேபோர்ட்டில். செத்த போர்ட் செத்தபடியே இருக்கிறது, தேவைப்படவில்லை. மூன்றும் 144. டெஸ்க்டாப்பில் மெமரி வேகம் முதலில் இறங்கவில்லை. எச்டிஎம்ஐ-யில் இருந்தது 144-க்குப் பதில் 120-இல் நின்றுகொண்டிருந்தது, விண்டோஸில் போய் மாற்றியதும் சட்டென்று விழுந்தது. கால் சுடவில்லை.

5.3.2024

ஆமாம், பழைய மானிட்டர் விற்பனைக்குத்தான். 80 வெள்ளி. ஜெலுத்தோங்கில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், போஸ்ட் செய்ய மாட்டேன். இரட்டை இணைப்பு டிவிஐ கேபிள் இலவசம், அது இல்லாமல் 144 வராது. உங்கள் கார்டில் டிவிஐ இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.